பேட்ஜ் இல்லாத பழைய 22 இன்ச் ஃப்ரேம்: எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிக்க உதவி வேணுங்க

காங்கயம் தோட்டத்துக்காரர்:

வணக்கமுங்க. எங்க அப்பாரு ஓட்டுன சைக்கிள் சாளை அட்டாலியில கெடந்துது. இறக்கி முழுசாக் கழட்டிட்டு இருக்கறேன். துரு மேலாப்புலதான், பைப்பு கெட்டியா இருக்குது. ஆனா கம்பெனி பேரு எங்கியும் இல்லைங்க. முன்னாடி பேட்ஜ் இருந்த எடத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரிவெட் ஓட்டை மட்டும் இருக்குது. மேல பச்சைப் பெயிண்ட், அது உரிஞ்ச எடத்துல உள்ள கறுப்பு. 28 இன்ச் ரிம்மு, கம்பி பிரேக்கு.

செயின் சக்கரத்துல பி.எஸ்.ஏ. எழுத்து வெட்டியிருக்கறதால இங்க கடைக்காரர் பி.எஸ்.ஏ.ன்னே சொல்றார். எங்க பெரியப்பா, "அது ராலே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது"ங்கறார். இந்த வாரம் பவுடர் கோட்டிங்குக்குக் குடுத்துட்டு, அந்தக் கம்பெனி ஸ்டிக்கரே ஒட்டலாம்னு இருக்கறேன். அப்பாரு வண்டி மேல வேற பேரை ஒட்ட மனசு வரலைங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஈரோடு சைக்கிள் கடை:

மொதல்ல பவுடர் கோட்டிங்கை நிறுத்துங்க. அங்க மணல் அடிச்சுத்தான் பெயிண்ட் எடுப்பாங்க. பழைய ஃப்ரேமுல நம்பர் லேசாத்தான் குத்தியிருக்கும், மணல் பட்டா மழுங்கிரும். அதுக்கு மேல பவுடரும் ஏறுனா தடவிக்கூடப் படிக்க முடியாது.

சீட்டுக் கம்பி இறங்கற லக்கு (பைப்புக சேர்ற மூட்டு), பெடல் அச்சு ஓடற கூட்டுக்கு அடிப்பக்கம், இந்த ரெண்டு எடத்துல மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி ஊற விட்டு, பழைய பல் பிரஷ்ஷால தேயுங்க. டிரில்லுல கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கவே கூடாது. காஞ்சதும் சாக்பீஸைக் குழியில தேய்ச்சுத் துணியால மேலோட்டமாத் துடைங்க. எழுத்து வெள்ளையா நிக்கும். சாயங்கால வெயில் சாய்வா விழறப்ப போட்டோ எடுத்துப் போடுங்க.

செயின் சக்கரத்தை வெச்சு ஃப்ரேமுக்குப் பேரு வைக்க முடியாதுங்க. பல்லு தேஞ்சா அன்னைக்குக் கடையில என்ன இருந்துதோ அதை மாட்டி ஓட்டுனவங்கதான் நம்ம ஊர்க்காரங்க. அதோட பி.எஸ்.ஏ. தன்னோட பாகங்களைத் தனியாவும் வித்துது. அதை வாங்கி வேற ஆளுக சைக்கிள் கட்டுனாங்க. மூணு துப்பாக்கி சாய்ச்சு நிறுத்துன முத்திரை ஒரு பாகத்துல இருந்தா அந்தப் பாகம் பி.எஸ்.ஏ., அவ்வளவுதான்.

காங்கயம் தோட்டத்துக்காரர்:

பவுடர் கோட்டிங் கடைக்கு வேண்டாம்னு சொல்லிட்டனுங்க. சீட்டு லக்குல நம்பர் கெடைச்சுது, போட்டோ போட்டிருக்கறேன். கடைசி எழுத்து மட்டும் தெளிவில்லை. கூட்டுக்கு அடியில ஒண்ணுமில்லை. முன் ஃபோர்க்குல ரெண்டு காலும் மேல முடியற எடத்துல தையல்காரர் விரலுறையைக் கவுத்த மாதிரி உருண்டையா ரெண்டு தொப்பி இருக்குது. அதுக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்குதுங்களா?

கோவை லேத் பட்டறை:

இருக்குதுங்க, அந்தத் தொப்பி வெச்ச ஃபோர்க் ராலேயோட அடையாளம். ஹம்பர் கம்பெனி வண்டியா இருந்தா ஒரு காலுக்கு ரெண்டு பைப்பா இரட்டை ஃபோர்க் வரும். ஆனா ஃபோர்க்கும் மாத்தக்கூடிய சாமான்தான், நம்பர் இருக்கற எடமும் சாட்சிக்குப் போதாது. ஃப்ரேமை விட்டுப் பிரிக்க முடியாதது பெடல் அச்சுக்கூட்டோட மரை, அதாவது உள்ள வெட்டியிருக்கற திருகு வரி. அதைப் பாருங்க.

பிரிட்டிஷ் சைக்கிள்ல பெரும்பாலும் அச்சுக் கப்புக்கு (கூட்டோட ரெண்டு பக்கமும் திருகற, பால்ரஸ் உக்கார்ற கிண்ணம்) இன்ச்சுக்கு 24 மரை. ராலே மட்டும் தன் ஃப்ரேமுக்கு 26 போட்டுது. கூட்டோட அகலமும் மத்ததுல 68 மி.மீ., ராலேயில 71 இல்லைன்னா 76. கிராங்கை (பெடல் மாட்டற கையை) அச்சோட பிடிச்சிருக்கற காட்டர் பின்னைத் தட்டறப்ப கிராங்குக்கு அடியில இரும்புப் பைப்பு முட்டுக் குடுங்க, இல்லைன்னா அடி பூரா பால்ரஸ் மேல எறங்கும். இடது பக்கம் லாக் ரிங்கைக் கழட்டிக் கப்பை எடுங்க, அது வழக்கமான மரை. வலது பக்கக் கப்பு இடமரை, அதைத் தொடாதீங்க, தேவையில்லை.

மரையை ஸ்கேல் வெச்சு எண்ண முடியாது, கப்புல இருக்கறதே கொஞ்ச நீளம். லேத் பட்டறையில இன்ச் த்ரெட் கேஜ் இருக்கும், மரை அளவுக்கு ஒண்ணா பல்லு வெட்டுன தகட்டு இலைக அதுல இருக்கும். 26 இலையைக் கப்பு மேல வெச்சு லைட்டுக்கு நேராப் பிடிங்க, வெளிச்சம் கசியாம உக்காரணும். மில்லிமீட்டர் கேஜை எடுத்துராதீங்க, அதுல 1 மி.மீ. இலையும் கிட்டத்தட்ட உக்காந்து ஏமாத்தும். கப்பைப் பார்த்ததும் அதே இலையைக் கூட்டுக்குள்ளயும் வெச்சுப் பாருங்க. கப்பு மாறியிருக்கலாம், கூடு மாறாது.

திருப்பூர் பழைய சைக்கிள் பிரியர்:

26 வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். ராலே 1932-ல ஹம்பரையும் 1943-ல ரட்ஜையும் வாங்கிருச்சு. பி.எஸ்.ஏ. சைக்கிள் தொழில் 1957-ல அது கைக்குப் போச்சு. 1960-ல ஹெர்குலிஸ், பிலிப்ஸை வெச்சிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோட சேர்ந்ததும் அதுகளும் ஒரே குடும்பம் ஆயிருச்சு. அதனால பிற்காலத்து இங்கிலாந்து வண்டிகள்ல வேற பேட்ஜுக்கு உள்ளயும் ராலே ஃப்ரேம் இருக்கும். வண்டி எந்த வருசம்னு தெரிஞ்சா பாதி பேரு கழிஞ்சிரும். பில்லு, அப்பெல்லாம் சைக்கிளுக்கு வருசா வருசம் குடுத்த லைசென்ஸ் வில்லை ஏதாச்சும் தகரப் பெட்டியில கெடக்குதான்னு பெரியவங்களைக் கேளுங்க.

காங்கயம் தோட்டத்துக்காரர்:

கேஜ் வெச்சாச்சுங்க. கப்பு, கூடு ரெண்டுலயும் 26 அப்படியே உக்காருது, 24 வெச்சா நல்லா வெளிச்சம் தெரியுது. கூடு அகலம் வெர்னியர்ல 71. பெட்டியில 1955-ம் வருசத்து வில்லை ஒண்ணு இருந்துது. அப்ப வீட்டுல இருந்தது இந்த ஒரே வண்டிதான்னு பெரியப்பா உறுதியாச் சொல்றார்.

திருப்பூர் பழைய சைக்கிள் பிரியர்:

அப்ப பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் எல்லாம் கழிஞ்சுதுங்க. 1955-க்கு முன்னாடி 26 மரைன்னா ராலே வீட்டுச் சாமான்தான். இரட்டை ஃபோர்க் இல்லாததால ஹம்பரை இப்போதைக்கு விட்டுரலாம், ராலேயா ரட்ஜான்னு மட்டும்தான் இனிப் பார்க்கணும். பேட்ஜ் இருந்த எடத்துல பச்சையை மட்டும் நீர்த்தாள் (தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள்) வெச்சு மெதுவாத் தேயுங்க, கறுப்பு தெரிஞ்சதும் நிறுத்திருங்க. வருசக்கணக்கா பேட்ஜ் மூடியிருந்த எடம் சுத்தி இருக்கறதை விடக் கறுப்பா, ஓரம் தெளிவா இருக்கும். அந்த வடிவத்தைத் தாள்ல வரைஞ்சு, ரெண்டு ரிவெட்டுக்கு நடு தூரத்தையும் அளந்து போடுங்க. என்கிட்ட ராலே, ரட்ஜ் ரெண்டு பேட்ஜும் இருக்குது, வெச்சுப் பார்த்துச் சொல்றேன்.

கோவை லேத் பட்டறை:

கழட்டுன கப்பைப் பத்திரமா வெய்யுங்க. கடையில புதுசாக் குடுக்கறது 24 மரைதான். மொத ரெண்டு சுத்து ஏறற மாதிரியே இருக்கும், அதுக்கு மேல ஸ்பேனர் போட்டு இறுக்குனா கூட்டோட மரை போயிரும். பால்ரஸ் மட்டும் புதுசு மாத்துங்க. கப்புல குழி விழுந்திருந்தா இங்க கொண்டு வாங்க, 26-லயே கடைஞ்சு தர்றேன்.