ஓவல் ஓட்டை: கழற்றி மாட்டும் இறக்கை வெறும் பொம்மையா?

வல்லத்துக்காரன்:
நேற்று இன்னொரு இழையில் லேத்துப்பட்டறை இப்படி எழுதியிருந்தார்: "இறக்கையைக் கழற்றி மாட்டுகிற, கோணம் மாற்றுகிற புரொப்பல்லர் எல்லாம் பொம்மை. உருப்படியான கப்பல் எதுவும் அதைப் போட்டதில்லை." படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. டைட்டானிக் உருப்படியான கப்பல் இல்லையா? அதன் இரண்டு பக்கப் புரொப்பல்லர்களும் நடுவில் உள்ள வார்ப்பு எஃகுக் குடத்தில் மூன்று வெண்கல இறக்கைகளைத் தனித்தனியாக போல்ட் போட்டு இறுக்கியவை. விட்டம் 23 அடி 6 அங்குலம். அதன் அக்கா கப்பல் ஒலிம்பிக்கிலும் இதே அமைப்புதான்.

என் வடிவமைப்பைச் சொல்கிறேன். வல்லத்தின் பின்பக்கம் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினுக்கு 25 செ.மீ. விட்டம், மூன்று இறக்கை, நிக்கல் அலுமினிய வெண்கலம். ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் வட்டத் தட்டு, அதில் 10 மி.மீ. விட்டமுள்ள இரண்டு எம்10 போல்ட். தட்டின் ஓட்டை ஓவல். போல்ட்டைத் தளர்த்தி இறக்கையை இப்படியும் அப்படியும் 4 டிகிரி திருப்பி மறுபடி இறுக்கலாம். போகும்போது வல்லம் காலி, திரும்பும்போது ஐஸும் மீனுமாகக் கனம். இரண்டுக்கும் ஒரே பிட்ச், அதாவது இறக்கைக் கோணத்தைப் பொறுத்து ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், எப்படிச் சரிப்படும்? போன வருடம் கரைப்பக்கம் கல்லில் தட்டி ஒரே ஒரு இறக்கை வளைந்தது. மற்ற இரண்டும் புதுசு மாதிரி இருந்தன. ஆனாலும் முழுசாக வேறு வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சலில் வரைந்த படம் இது.

லேத்துப்பட்டறை:
தம்பி, முப்பது வருடமாக லேத்தில் நிற்கிறேன். ஓவல் ஓட்டை நிற்காது. வட்ட ஓட்டையில் போல்ட்டின் உடம்பு பக்கச் சுமையைத் தாங்கும். ஓவல் ஓட்டையில் உராய்வு மட்டும்தான் பிடி. உராய்வை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். டைட்டானிக் என்று பெரிய பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். அதன் நடுப் புரொப்பல்லர் ஒரே வார்ப்பு. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வல்லத்துக்காரன்:
முதலில், நான் உங்கள் தம்பி இல்லை. நடுவில் இருந்தது டர்பைன் ஓட்டியது, அதனால் அது வேறு. நீங்கள் சொன்னது "எதுவும் போட்டதில்லை" என்று. இரண்டு பக்கமும் போட்டிருந்தார்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வடகடல்:
இரண்டு பேரும் வேறு வேறு சாமானைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் நோர்வேயில் மீன் பதனிடும் ஊரில் முப்பது வருடமாக இருக்கிறேன். இங்கே பழைய மரப்படகுகளில் சாப் (Sabb) என்ற நோர்வே டீசல் எஞ்சின்தான். அதில் ரிவர்ஸ் கியரே கிடையாது. எஞ்சின் ஒரே பக்கம் ஓடும், கைப்பிடியைச் சுற்றினால் இறக்கை திரும்பும். முன்னுக்கு, நடுவில், பின்னுக்கு, எல்லாமே இறக்கையால்தான். அதுதான் கோணம் மாறும் புரொப்பல்லர். நீங்கள் போடுவது நிறுத்தி வைத்துத் திருப்புவது. எதைப் பொம்மை என்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

லேத்துப்பட்டறை:
எதுவாக இருந்தாலும் ஓவல் ஓட்டை ஓவல் ஓட்டைதான்.

வல்லத்துக்காரன்:
வடகடல் ஐயாவுக்கு நன்றி. பார்த்தீர்களா, நோர்வேயிலேயே போட்டிருக்கிறார்கள். நீர்மின் நிலையத்துக் கப்லான் டர்பைனின் திரும்பும் இறக்கையிலிருந்து வந்த யோசனை இது. சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனி 1934இல் சூரிச் ஏரியில் ஓடிய எட்ஸல் கப்பலில் பொருத்தியது. ஸ்வீடனில் காமேவா கம்பெனி 1937இல் தொடங்கியது. இன்றைக்கு இழுவைப் படகு, ஃபெர்ரி, போர்க்கப்பல் என்று பலவற்றிலும் இருக்கிறது. பொம்மையாம்!

வடகடல்:
நான் சொன்னது உங்களுக்கு ஆதரவாக இல்லை, ராசா. சாப் எஞ்சினில் ஓவல் ஓட்டை எங்கே இருக்கிறது? இறக்கையின் அடி குடத்துக்குள் சுழலுகிறது. ஷாப்டின் உள்ளே ஒரு தண்டு போய் அதைத் தள்ளுகிறது.

லேத்துப்பட்டறை:
அதைத்தானே சொல்கிறேன்! அவர்கள் யாரும் ஓவல் ஓட்டை போடவில்லை.

வல்லத்துக்காரன்:
ஓட்டை, ஓட்டை, ஓட்டை. கணக்கு போடுவோமா? புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று. இறக்கை ஒன்று 600 கிராம், அதன் எடைமையம் 8 செ.மீ. தூரத்தில். மையவிலக்கு இழுப்பு சுமார் 3,300 நியூட்டன், அதாவது 335 கிலோ எடை. எம்10 கடல்தர ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றே 2.6 டன் வரை நெகிழாது. நான் இரண்டு போடுகிறேன். அடுத்து உராய்வு. போல்ட்டுக்கு 15,000 நியூட்டன் இறுக்கம், உராய்வுக் கெழு 0.15, மையத்திலிருந்து 18 மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: 81 நியூட்டன் மீட்டர். சாதாரண ஓட்டத்தில் இறக்கையைத் திருப்பப் பார்க்கிற விசை இதில் ஒரு சிறு பங்குதான். இனி என்ன வேண்டும்?

லேத்துப்பட்டறை:
0.15 காய்ந்த தட்டுக்கு. கிரீஸ் தடவாமல் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை முறுக்கினால் மரை கடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவினால் அது தட்டுக்கும் பரவி 0.1க்குக் கீழே போகும். 81 அப்போதே 54 ஆகிவிட்டது. இனி கல்லில் தட்டுவதைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பு திருகும் அச்சிலிருந்து 4 செ.மீ. தள்ளி. அங்கே 200 கிலோ அடி விழுந்தால் 80 நியூட்டன் மீட்டர். 200 கிலோ அடி கல்லுக்குப் பெரிதா? ஒரு இறக்கை மட்டும் 3 டிகிரி நகர்ந்தால் மூன்றும் மூன்று விதமாகத் தண்ணீரைத் தள்ளும். அந்த உதறல் கியர்பெட்டி பேரிங்கைத் தின்றுவிடும். நீங்கள் கரை சேர்வதற்குள் ஆயில் சீல் போயிருக்கும். ஓவல் ஓட்டை நிற்காது என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

கப்பல்கலை:
ஒரு விஷயம். ஓட்டை நின்றாலும் நிற்காவிட்டாலும், இறக்கையைத் திருப்பினால் பிட்ச் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கூடாது. உங்கள் 25 செ.மீ. புரொப்பல்லருக்கு 225 மி.மீ. பிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 டிகிரி கூட்டினால் அடிப்பக்கம், 5 செ.மீ. ஆரத்தில், 251 ஆகும். நடுவில் 8.75 செ.மீ. ஆரத்தில் 259. நுனிக்குக் கிட்டே 12 செ.மீ. ஆரத்தில் 269. நுனி மட்டும் அதிகமாகச் சுமக்கும், நீராவிக் குமிழிகள் உருவாகி உடைந்து உலோகத்தைத் தின்னும் குமிழி அரிப்பு அங்கேதான் தொடங்கும். சிறு திருத்தத்துக்குச் சரி. ஆனால் 4 டிகிரி கூட்டி 4 டிகிரி குறைக்கிற ஆசை அதிகம். எந்தக் கோணத்தில் சீரான பிட்ச் வர வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து அதற்கேற்ப இறக்கையை முறுக்க வேண்டும். அதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

லேத்துப்பட்டறை:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. ஓட்டையும் தப்பு, இறக்கையும் தப்பு.

கப்பல்கலை:
நான் தம்பி இல்லை, பெண். இறக்கை தப்பு என்றும் சொல்லவில்லை.

வல்லத்துக்காரன்:
எல்லாரையும் தம்பி என்கிறவர் கணக்கை மட்டும் எப்படிச் சரியாகப் படிப்பார். அக்கா, எனக்கு வேண்டியது 2 டிகிரிதான். அவுட்போர்டில் பிட்ச் ஒரு அங்குலம் மாறினால் எஞ்சின் 150 முதல் 200 சுற்று மாறும் என்பது படகுக்காரர் எல்லாருக்கும் தெரியும். உங்கள் கணக்குப்படி 3 டிகிரிக்கே நடுவில் 34 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல். கனத்தோடு திணறுகிற எஞ்சினுக்கு அது போதும்.

சொல்லாய்வு:
புரொப்பல்லர், பிட்ச், போல்ட். தமிழில் பேசுகிறோமா? பள்ளி இயற்பியலில் திருகு அளவிக்குப் புரியிடைத் தூரம் என்று படித்தோமே. அதையே இங்கே சொல்லலாமே.

லேத்துப்பட்டறை:
பட்டறையில் வந்து "புரியிடைத் தூரம் ஒன்பது கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பையன் டீ வாங்கப் போய்விடுவான்.

சொல்லாய்வு:
நீங்கள் சொல்லிக்கொடுக்காததால்தான் அவனுக்குத் தெரியவில்லை. குடம், இறக்கை, மரை எல்லாம் தமிழில் சொல்ல வருகிறது. இது மட்டும் வராதா?

வடகடல்:
அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.

வல்லத்துக்காரன்:
லேத்துப்பட்டறை இன்னும் பதில் சொல்லவில்லை. ஒலிம்பிக்கில் இறக்கையடித் தட்டின் ஓட்டைகள் நீளமாகத்தான் இருந்தன. பிட்சைச் சிறிது திருத்துவதற்காகவே அப்படி விட்டார்கள். 45,000 டன் கப்பலுக்கு நின்ற ஓவல் ஓட்டை என் வல்லத்துக்கு நிற்காதா?

லேத்துப்பட்டறை:
நின்றதா? 1912 பிப்ரவரி 24 அன்று ஒலிம்பிக் நடு அட்லாண்டிக்கில் ஒரு இறக்கையைக் கடலில் விட்டுவிட்டு பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பியது தெரியுமா? நீங்களே கொண்டுவந்த சாட்சி உங்களுக்கு எதிராகவே பேசுகிறது.

வல்லத்துக்காரன்:
அதுதான் எனக்கு வேண்டிய சாட்சி! ஒரு இறக்கை போனது, ஒரு இறக்கையை மாட்டினார்கள், கப்பல் போய்விட்டது. ஒரே வார்ப்பாக இருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

லேத்துப்பட்டறை:
ஒரே வார்ப்பாக இருந்தால் கழன்றே இருக்காது! டைட்டானிக் பயணத் தேதி தள்ளிப்போனதே அந்த இறக்கையால்தான்.

வடகடல்:
அது பிழை. 1911 செப்டம்பரில் ஹாக் போர்க்கப்பல் ஒலிம்பிக்கின் மீது மோதியது. அந்தப் பழுதுவேலைக்கு ஆட்களை எடுத்ததில் டைட்டானிக் வேலை பிந்தியது. மார்ச் 20 என்று இருந்த பயணம் ஏப்ரல் 10க்கு மாறியது அதனால்தான். இறக்கை உடைந்தபோது தேதி ஏற்கெனவே மாறியாயிற்று.

லேத்துப்பட்டறை:
தேதி எதுவானால் என்ன, இறக்கை போனதா இல்லையா?

வல்லத்துக்காரன்:
தேதியைப் பிடித்துத் தொங்கியதே நீங்கள்தான். போன வருடம் ஸ்டெயின்லெஸ் ஷாப்ட் விவாதத்திலும் இப்படித்தான். மாங்கனீஸ் வெண்கலத்தில் செம்புக்கு அடுத்தபடி வெள்ளீயம்தான் அதிகம் என்று நான்கு நாள் அடித்துப் பேசினீர்கள். அதில் பெரும்பங்கு செம்பும் துத்தநாகமும். பெயர்தான் வெண்கலம், உண்மையில் பித்தளை. கடைசிவரை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

லேத்துப்பட்டறை:
பழைய கதையைக் கிளறாதீர்கள். அன்றைக்கும் பட்டறையில் உருக்கிப் பார்த்தவன் நான். நீங்கள் படித்துவிட்டுப் பேசியவர். இன்றைக்கும் படம்தான் வரைந்திருக்கிறீர்கள், ஒரு இறக்கைகூட வார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை அவுட்போர்டின் காலுக்குப் பின்னால் கடக்கும்போது சுமை ஏறி இறங்கும். ஆறு மணி நேரத் தொழிலுக்கு ஒன்பது லட்சம் ஆட்டம். அதில் தளராத போல்ட்டை நான் பார்த்ததில்லை.

அப்புறம், பெரிய கப்பலின் ஓவல் ஓட்டையைப் பற்றிப் பாதிதான் சொல்கிறீர்கள். பிட்சைத் திருத்தி முடித்ததும் ஓட்டையில் மிஞ்சிய இடைவெளியில் உலோகத் துண்டை அடித்து இறுக்குவார்கள். ஓவல் ஓட்டை அந்த இடத்தில் வட்ட ஓட்டையாகிவிடும். போல்ட்டின் உடம்பு சுமையைத் தாங்கும். உங்கள் படத்தில் அந்தத் துண்டு எங்கே?

கப்பல்கலை:
இது நல்ல கேள்வி. துண்டு வைக்க விருப்பமில்லை என்றால் தட்டிலும் குடத்திலும் பற்கள் வெட்டலாம். ஒரு பல் ஒரு டிகிரி. உராய்வை நம்பவே வேண்டாம்.

வல்லத்துக்காரன்:
பல் வெட்ட ஆகும் செலவு யார் கொடுப்பது? 81 நியூட்டன் மீட்டர் போதும் என்கிறேன்.

லேத்துப்பட்டறை:
54.

வல்லத்துக்காரன்:
தட்டில் கிரீஸ் படாமல் மரைக்கு மட்டும் தடவினால் 81.

லேத்துப்பட்டறை:
வல்லத்தில் நின்றுகொண்டு, அலையில், ஈரக்கையோடு, தட்டில் படாமல் தடவுவீர்களா? கடலில் கழற்றி மாட்டத்தானே இதைச் செய்கிறீர்கள்?

வல்லத்துக்காரன்:
கடலில் என்று எங்கே சொன்னேன்? கரையில் வைத்துத்தான்.

வடகடல்:
கரையில் வைத்து என்றால், காலியாகப் போகும்போது ஒரு பிட்ச், கனத்தோடு திரும்பும்போது ஒரு பிட்ச் என்று எழுதினீர்களே. நடுக்கடலில் யார் மாற்றுவது?

வல்லத்துக்காரன்:
அது பருவத்துக்கு ஒரு முறை. மத்தி சீசனில் கனம், மற்ற நாளில் லேசு. நான் எழுதியதைத் திரித்துப் பேச வேண்டாம்.

வடகடல்:
திரிக்கவில்லை. மேலே போய் நீங்கள் எழுதியதை வாசியுங்கள்.

சொல்லாய்வு:
"மாறும்", "மாற்றும்" என்று இரண்டு சொல் தமிழில் தனித்தனியாக இருக்கின்றன. தானாக மாறுவது ஒன்று, நாம் மாற்றுவது ஒன்று. முதல் பதிவிலேயே பிரித்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

லேத்துப்பட்டறை:
வந்துவிட்டார் மறுபடியும்.

கப்பல்கலை:
அவர் சொல்வது சரிதான். அப்புறம், அவுட்போர்டின் புகை குடத்துக்குள்ளேதான் போகிறது. போல்ட்டின் தலை குடத்தின் வெளியிலா, உள்ளேயா? உள்ளே என்றால் சாவி நுழையாது. வெளியே என்றால் தலை நீரோட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

வல்லத்துக்காரன்:
வெளியே. குழித்து உள்ளடக்கியிருக்கிறேன், அறுகோணக் குழிச்சாவி போடலாம். படத்தின் இரண்டாம் பக்கம் பாருங்கள். யாருமே இரண்டாம் பக்கம் பார்க்கவில்லை.

லேத்துப்பட்டறை:
பார்த்தேன். அந்தக் குழியில் உப்பும் மணலும் அடைத்து ஒரு மாதத்தில் சாவி நுழையாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அந்த இடுக்கில் காற்றும் கிடைக்காது, அங்கேயே அரிக்கும். அதே பக்கத்தில் ஓவல் ஓட்டை 9 மி.மீ. நீளம் என்று போட்டிருக்கிறீர்கள். எம்10 போல்ட் 9 மி.மீ. ஓட்டையில் எப்படி நுழையும்?

வல்லத்துக்காரன்:
அது அச்சுப்பிழை. 13.

லேத்துப்பட்டறை:
ஓவல் ஓட்டையிலேயே பிழை.

வல்லத்துக்காரன்:
அடுத்த வாரம் மரத்தில் அச்சு செய்து ஒரு இறக்கை வார்க்கக் கொடுக்கிறேன். உங்கள் பட்டறையில் இல்லை, வேறு இடத்தில்.

லேத்துப்பட்டறை:
எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். இடைவெளியில் துண்டு வைத்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

வல்லத்துக்காரன்:
வைக்க மாட்டேன்.