பழைய மோட்டார்சைக்கிளில் முன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது, உதவி தேவை

வேலணைப் பெடியன்:
வணக்கம். என்னிடம் இருப்பது முன்பக்கம் டிஸ்க் உள்ள பழைய 150 சிசி மோட்டார்சைக்கிள். அப்பா ஓடியது, இப்போது நான் ஓடுகிறேன். வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் டவுனுக்கு வந்து போவதுதான் அன்றாட ஓட்டம். கொஞ்ச நாளாக முன் சில்லு இறுகுகிறது. வீட்டில் வைத்து உருட்டும்போதே பாரம் தெரியும். டவுனுக்கு வந்து சேர்வதற்குள் டிஸ்க்கிலிருந்து கருகல் மணம் வருகிறது, பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. நிழலில் விட்டு ஆறினால் ஓரளவு இளகும். பெற்றோலும் முந்தியைவிடக் கூடக் குடிக்கிறது. ஒரு கராஜில் காட்டினேன், டிஸ்க்கைப் பிடிக்கும் பேட்டைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் மோசம். இப்போது மாஸ்டர் சிலிண்டர் (லிவரை அழுத்த ஒயிலைத் தள்ளுவது), கலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் நெரிப்பது) இரண்டையும் முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு காசு போட முதல் வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோண்டாவில் ரைடர்:
சில்லுப் பெயரிங்கையும் ஒருக்கால் பாருங்கள். டிஸ்க் வளைந்திருந்தாலும் உரசும். ஆனால் அப்படியென்றால் சுற்றில் ஓரிடத்தில் மட்டும்தான் பிடிக்கும்.

பழைய கராஜ்காரன்:
தம்பி, சாமான் வாங்க முதல் குற்றம் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, முன் சில்லு நிலத்தில் முட்டாமல் வைத்து, பிரேக் லிவரை நன்றாக அழுத்தி விடுங்கள். இனி சில்லைக் கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால், கலிப்பரில், ஒயிலுக்குள் இருக்கும் காற்றை எடுக்கும் நிப்பிளில் ஒரு ரியூப்பைப் பூட்டி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள்.

ஒயில் பாய்ந்து சில்லு உடனே விட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டு நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்பிப் போகும் சின்னத் துவாரம் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் அங்கிருந்து கலிப்பருக்கு ஒயில் போகும் ஹோஸ் உட்பக்கம் வீங்கியிருக்கும். எது என்று அறிய, நிப்பிளை மூடித் திரும்பவும் லிவரை அழுத்திவிட்டு, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் பூட்டியிருக்கும் போல்ட்டை இளக்குங்கள். அதிலேயே சில்லு விட்டால் மாஸ்டர் சிலிண்டர், விடாவிட்டால் ஹோஸ்.

நிப்பிளைத் திறந்தும் சில்லு விடவில்லையா? குற்றம் கலிப்பரில்தான். மாஸ்டர் சிலிண்டருக்குக் காசு போட வேண்டாம்.

பிரேக் ஒயில் பெயின்ற்றை உரித்துவிடும், பெற்றோல் ராங்க்கின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, டிஸ்க் பிரேக்கில் பேட் லேசாக உரசும் சத்தம் கேட்கத்தான் செய்யும். கையால் சுற்றிவிட்டால் சில்லு ஒன்றிரண்டு சுற்றுப் போனால் போதும். சூடானதும் லிவர் கல்லுப்போல ஆகிறதா என்றும் சொல்லுங்கள்.

வேலணைப் பெடியன்:
செய்து பார்த்தேன் அண்ணை. நிப்பிளைத் திறந்தும் சில்லு அப்படியே இறுகித்தான் நிற்கிறது. லிவரில் வித்தியாசம் இல்லை. கலிப்பரைக் கழற்றினால், அது வழுக்கி ஓடும் இரண்டு பின்னில் ஒன்று கறள் பிடித்து அசையவே இல்லை. பேட்டைத் தள்ளும் பிஸ்டனும் உள்ளே போக மறுக்கிறது.

சுன்னாகம் 90:
மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்வது.

பழைய கராஜ்காரன்:
சங்கிலிக்கு அது சரி. பிரேக் கலிப்பருக்கு வேண்டாம். மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில் எது பட்டாலும் பிரேக்கின் ரப்பர் சீல் ஊதிவிடும். ஊதிய சீலோடு முன் சில்லு ஓட்டத்தில் இறுகினால் ஆள் விழும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்பி, பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க அங்கே ஸ்பிரிங் கிடையாது. அந்த வேலையைச் செய்வது சதுர வெட்டுள்ள ரப்பர் சீல். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளைகிறது. விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் ஓடுவது இரண்டு பக்கமும் கடல் உள்ள பாதை. உப்பும் ஈரமும் போய், சீல் உட்காரும் காடிக்குள் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு சீலைப் பின்னாலிருந்து தள்ள, சீல் பிஸ்டனை நெரிக்கிறது. பேட் மாற்றியபோது, வெளியே நீட்டியிருந்த பிஸ்டனைத் துடைக்காமல் உள்ளே தள்ளியிருப்பார்கள். இறுக்கம் கூடியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே காடியைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டுப் பயனில்லை. பலர் விடும் இடம் இதுதான். ஹோஸைக் கழற்ற முதல், லிவரை அடித்தடித்தே பிஸ்டனை வெளியே எடுங்கள். கொம்பிரசர் காற்று விட்டால் விரலை நசுக்கும் வேகத்தில் பாய்ந்து வரும். சீலை எடுத்துவிட்டு, மூங்கில் குச்சியாலும் பித்தளைக் கம்பியாலும் காடியின் மூலை மூலையாகச் சுரண்டுங்கள். இரும்பு ஆணி வேண்டாம், கீறல் விழுந்தால் ஒயில் கசியும். பிஸ்டனில் சீல் ஓடும் இடத்தில் குழி இருந்தால் பிஸ்டனை மாற்ற வேண்டும், வெறும் அழுக்கு என்றால் துடைத்தால் சரி. புதுச் சீலைப் பிரேக் ஒயிலில் நனைத்துப் பூட்டுங்கள். பின்னில் கறளை எடுத்துச் சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கள்.

பிரேக் ஒயில், மாஸ்டர் சிலிண்டர் மூடியில் போட்டிருக்கும் வகைதான். டொட் 4 என்றால் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கலாம். அதனால் திறந்து கனநாள் கிடந்த போத்தலைப் பாவிக்க வேண்டாம். கடைசியில் காற்றெடுத்து, லிவர் இறுக்கமாக வந்தபின்தான் றோட்டுக்கு ஏற்றுங்கள்.

வேலணைப் பெடியன்:
அண்ணை, சொன்னது அப்படியே. காடிக்குள் சுண்ணாம்பு மாதிரிக் கட்டியாக வந்தது. பிஸ்டனில் குழி இல்லை. சீல் செற், ஒயில், கிறீஸ் மட்டும்தான் வாங்கினேன். டவுனுக்குப் போய் வந்தும் டிஸ்க் இளஞ்சூடுதான், சில்லு கையால் சுற்றச் சுற்றுகிறது. மிகவும் நன்றி.

புங்குடுதீவு:
நானும் தினமும் பாலத்தால் வருகிறேன். இது வராமல் பார்க்க என்ன செய்யலாம்?

பழைய கராஜ்காரன்:
கிழமைக்கு ஒருக்கால் கலிப்பரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பிரஷர் அடிக்க வேண்டாம். கழுவியதும் மெல்ல ஓடி, பிரேக்கைச் சில தடவை பிடித்துக் காயவிடுங்கள். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட் மாற்றும்போது, பிஸ்டனைத் துடைத்துவிட்டுத் தள்ளச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.