நிலாவெளி பஸ்ஸில் "அடுத்த தரிப்பிடம்" என்று சொல்லும் குரல் தேவையா?

உப்புவெளிவாசி:
சென்னை மாநகர பஸ்களில் 2022இல் இருந்து அடுத்த நிறுத்தம் எது என்று ஒரு குரல் சொல்கிறது. போய்வந்த மச்சான் நம் ஊருக்கும் அது வேணும் என்று நிற்கிறான். எனக்கு இரண்டு மனம். சீனி வருத்தத்தால் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. திருகோணமலை டவுனிலிருந்து பொழுதுபட்டு வந்தால் அலஸ்தோட்டத்தில் இறங்க வேண்டியவர் சாம்பல்தீவு வரைக்கும் போய்விடுகிறார், கொண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஏறினாலும் சனம் நெருக்கினால் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? ஆனால் பாட்டும் ஹோர்னும் ஏற்கெனவே காதைப் பிளக்கிற பஸ்ஸில் இன்னொரு சத்தமா? தினமும் போய்வருகிறவர்கள் சொல்லுங்கள்.

ஆறாம்கட்டை:
வேண்டாம் தம்பி. முதலில் இந்த ரோட்டில் ஹோல்ட், அதுதான் பஸ் தரிப்பிடம், எது என்று யாராவது சொல்லட்டும். ஒழுங்கை வாசலில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும், மீன் பெட்டி இறக்க நிற்கும், கோயிலடியில் உண்டியலில் காசு போட நிற்கும். மெஷின் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தால் நிலாவெளி போய்ச் சேருவதற்குள் எனக்குத் தலையிடி வந்துவிடும்.

ஸ்காபரோ திருமலையான்:
நானும் அலஸ்தோட்டம்தான், இப்போது டொரொண்டோவில். இங்கே இது சும்மா வரவில்லை. டேவிட் லெபோஃப்ஸ்கி என்ற பார்வையற்ற சட்டத்தரணி மனித உரிமைகள் தீர்ப்பாயத்தில் வழக்காடி, சுரங்க ரயிலுக்கு 2005இலும் பஸ்ஸுக்கு 2007இலும் எல்லா நிறுத்தத்தையும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். ஆரம்பத்தில் சாரதிகளே வாயால் சொன்னார்கள், சிலர் சொல்வது சொந்தச் சட்டைக்குள்ளேயே நின்றுவிடும். பிறகுதான் பதிவுசெய்த குரல் வந்தது. பழகினால் அது காதில் விழுவதே இல்லை. பனிக்குக் கண்ணாடி மங்கி வெளியே ஒன்றும் தெரியாத நாளில் மட்டும் நானே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

வயர்க்காரன்:
வேலை செய்யும் விதம் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்தின் இடத்தையும் முன்கூட்டியே பதிந்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள், ஜிபிஎஸ் கணக்கில் பஸ் வட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த ஒலித்துண்டு ஓடும். ஆகவே ஆறாம்கட்டை அண்ணை சொன்னதுதான் உண்மையான சிக்கல். ஆனால் கை காட்டுகிற இடமெல்லாம் தேவையில்லை, சந்திகளையும் ஊர்ப்பெயர்களையும் சொன்னால் போதும். நேரம் பிசகினால்தான் சனம் சிரிக்கும். 2018இல் லண்டனில் "பஸ் புறப்படப் போகிறது, பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு அறிவிப்பைச் சோதித்தார்கள், பஸ் ஓடத் தொடங்கின பிறகு அது வருகிறது என்று பயணிகள் கிண்டலடித்து, கடைசியில் வசனத்தையே மாற்ற வேண்டி வந்தது.

வெள்ளைப்பிரம்பு:
எனக்குப் பார்வை இல்லை. டவுனில் இருந்து வரும்போது பாலம் ஏறும் சத்தம், வளைவு, கடல் காற்று என்று கணக்குப் பிடித்துத்தான் இறங்குகிறேன். பாட்டு உச்சத்தில் போனால் இதில் பாதி போய்விடும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் பெரும்பாலும் நல்லாகத்தான் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். குரல் வந்தால் இரண்டு விஷயம்: ஹோல்ட்டுக்கு வந்த பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை, எழும்பி வாசலுக்கு வர நேரம் வேண்டும். அப்புறம் இடையில் நகைக்கடை விளம்பரம் போடாதீர்கள், போட்டால் சனம் எல்லாவற்றையும் சேர்த்தே நிற்பாட்டச் சொல்லும்.

ஆறாம்கட்டை:
விளம்பரம் இல்லாமல், சந்திகளுக்கு மட்டும் என்றால் சரி. பாட்டைக் குறைப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

உப்புவெளிவாசி:
மச்சானின் சிநேகிதன் ஒருவனுக்கு இந்த ரோட்டில் ஒரு பஸ் ஓடுகிறது, கதைத்துப் பார்க்கிறேன். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, கோபாலபுரம், நிலாவெளி, இறக்கக்கண்டி. இதில் விடுபட்டது எது?