வேலையில் சேரும்போது ஆதார், பான், ஒரிஜினல் சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள்: எதைக் கொடுப்பது, எதை மறுப்பது?

புதுவரவு:

அடுத்த வாரம் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர வேண்டும். இது முதல் வேலை. எச்.ஆர். அனுப்பியிருக்கும் பட்டியல்: ஆதார் இருபக்க நகல், பான், பாஸ்போர்ட் நகல், பாஸ்புக் முதல் பக்கம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பா அம்மா ஆதார். பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிகிரி சர்ட்டிபிகேட்டும் ஒரிஜினலாகவே வேண்டுமாம், ஒரு வருடம் அவர்களிடம் இருக்குமாம். எல்லாவற்றையும் புதிதாகச் சேருபவர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடச் சொல்கிறார்கள். அட்டெண்டன்ஸுக்குக் கைரேகையும் எடுப்பார்கள். சம்பளம் மாதம் 24,000, பி.எஃப். உண்டு. இதில் எது கட்டாயம்? வேலைக்குப் பங்கம் வராமல் மற்றதை எப்படித் தவிர்ப்பது?

பேரோல்_மேசை:

பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் ஆதார் எண்ணைக் கேட்பது நியாயம்தான். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இன் 142ஆம் பிரிவு 2021 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் பிறகு ஆதார் இணைக்காத யூ.ஏ.என்.னுக்கு (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) நிறுவனம் மாதாந்திர இ.சி.ஆர். (பி.எஃப். கணக்கு விவரம்) தாக்கல் செய்ய முடியாது. உங்கள் பணம் கணக்கில் ஏறாது. ஆனால் பி.எஃப். போர்ட்டலுக்கு வேண்டியது 12 இலக்க எண், பெயர், பிறந்த தேதி, பாலினம். அட்டையின் நகல் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை.

இங்கே வழக்கமாகச் சிக்குவது பெயர். ஆதாரில் இனிஷியல் விரித்து இருக்கும், பானில் எழுத்தாக இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும். யூ.ஏ.என். ஆதாரில் உள்ளபடிதான் உருவாகும். பான் ஒத்துப்போகாவிட்டால் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) திரும்பி வரும். பிறகு திருத்த அலைய வேண்டும். சேரும் முன்பே ஆதார், பான் இரண்டிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். கல்லூரி நாளில் பகுதி நேர வேலை பார்த்து யூ.ஏ.என். வந்திருந்தால் அதையே படிவம் 11இல் (சேரும்போது தரும் பி.எஃப். படிவம்) எழுதுங்கள், இன்னொன்று போட விடாதீர்கள். புதிது என்றால் மத்திய அரசின் உமங் செயலியில் முகச் சரிபார்ப்பு மூலம் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பான் கொடுங்கள். இந்தச் சம்பளத்துக்கு வரி வராது. ஆனால் வரி பிடிக்கும் நிலை வந்தால் பான் இல்லாதவருக்குக் குறைந்தது 20 சதவீதம் பிடிப்பார்கள். வங்கிக்கு பாஸ்புக் முதல் பக்கம் அல்லது கேன்சல் செய்த செக், இரண்டில் ஒன்று போதும். ஸ்டேட்மென்ட் கேட்பது முந்தைய சம்பளத்தைச் சரிபார்க்க. முதல் வேலைக்கு வருபவரிடம் அதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? பழைய டெம்ப்ளேட்டை அப்படியே அனுப்பியிருப்பார்கள்.

அப்பா அம்மா ஆதாரும் அப்படித்தான். இ.எஸ்.ஐ.யில் (ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வருபவர்களுக்குக் குடும்பத்தினர் விவரம் பதிய வேண்டும். அதன் சம்பள வரம்பு 21,000, நீங்கள் அதற்கு மேல். பி.எஃப். நாமினேஷனை உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே ஆன்லைனில் செய்யலாம், எச்.ஆர். கைக்குப் போக வேண்டியதில்லை. கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்ப்பதாக இருந்தால் பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பயணம் இல்லாத வேலைக்கு பாஸ்போர்ட் நகல் எதற்கு என்று கேட்கலாம்.

கறுப்புப்பட்டை:

கொடுக்கிற நகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மைஆதார் தளத்தில் இ-ஆதார் இறக்கும்போது 'மாஸ்க்டு' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். கோப்பில் வைக்க அது போதும், பி.எஃப்.க்கு வேண்டிய முழு எண்ணை எச்.ஆர். போர்ட்டலிலோ அதிகாரப்பூர்வ மெயிலிலோ தனியாகக் கொடுங்கள். பி.டி.எஃப்.க்கு பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருடம். உங்களைத் தெரிந்த எவரும் திறக்கலாம்.

வீட்டிலுள்ள பழைய அட்டையில் பேனாவால் எண்ணை அடித்துவிட்டு ஸ்கேன் செய்து அனுப்புவது பலரும் செய்யும் வேலை. பழைய அட்டைகளின் கியூஆர் கோடுக்குள் 12 இலக்கமும் அப்படியே இருக்கிறது, சாதாரண ஸ்கேனர் செயலியே படித்துவிடும். புதிய கியூஆரில் கடைசி நான்கு இலக்கம்தான். அதேபோல போன் கேலரியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தீட்டினால் அது முழுக்க மறைப்பதில்லை. பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால் எண் மேலே வந்துவிடும். பி.டி.எஃப்.பில் கறுப்புப் பெட்டி வரைந்தாலும் அடியில் எழுத்து இருக்கும், இழுத்து காப்பி செய்யலாம். முழுக் கறுப்புப் பெட்டியால் மறைத்த பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை அனுப்புங்கள்.

நகலில் நிறுவனத்தின் பெயர், நோக்கம், தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'இன்ன நிறுவனத்தில் பணி நியமனத்துக்கு மட்டும்' என்ற அளவில் போதும். ஓரத்து வெள்ளைப் பகுதியில் எழுதினால் வெட்டி எறிந்துவிட்டு உங்கள் பெயரில் சிம் வாங்கலாம். எழுத்து புகைப்படத்தின் ஓரத்தையும் பெயரையும் தொட்டபடி குறுக்காக ஓட வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வேலை மாறும் சமயத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2022 மே மாதம் ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு வந்து இரண்டே நாளில் வாபஸ் ஆனது நினைவிருக்கும். அதை வைத்து 'நகல் கொடுப்பதே தப்பு' என்று எச்.ஆரிடம் வாதாடாதீர்கள், எடுபடாது.

சட்டப்புள்ளி:

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. பாக்கிக்காக ஒருவரின் உடைமையை வைத்துக்கொள்ளும் பொதுவான உரிமை ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 171இன்படி வங்கி, கமிஷன் ஏஜென்ட், துறைமுகக் கிடங்கு, வழக்கறிஞர், இன்ஷூரன்ஸ் தரகர் என்று சிலருக்குத்தான். வேலை கொடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. பாஸ்போர்ட் இன்னும் தெளிவு: 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. உங்களுக்கே முழுச் சொந்தமில்லாத ஒன்றை அவர்கள் லாக்கரில் பூட்ட முடியாது.

சேரும் நாளில் ஒரிஜினலைக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும், கையோடு வாங்கி வாருங்கள். டிஜிலாக்கரில் 'இஷ்யூட்' பகுதியில் (வழங்கிய அமைப்பிடமிருந்தே நேராக) வரும் ஆவணம் 2016ஆம் ஆண்டு டிஜிட்டல் லாக்கர் விதிகளின்படி அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது அந்தக் கணக்கில் சேராது. அப்படியும் அடம்பிடித்தால், ஒவ்வொரு சான்றிதழின் வரிசை எண், வாங்கிய தேதி, காரணம், திருப்பித் தரும் தேதி எழுதி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, முத்திரையோடு ரசீது கேளுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே பின்வாங்குவார்கள். கொடுத்தபின் தர மறுத்தால் முதலில் மெயில், பிறகு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட், அடுத்து வக்கீல் நோட்டீஸ், போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை). ரசீது இல்லாதவருக்கு நோட்டீஸ் எழுதுவதே சிரமம், 'எங்களிடம் தரவே இல்லை' என்பார்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்துவிட்டதே என்பவர்களுக்கு: அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். இன்னொன்று, வேலை தொடர்பான நோக்கத்துக்கு ஊழியரின் சம்மதமே தேவையில்லை என்று அதன் 7ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆகவே 'என் சம்மதமில்லாமல் கேட்கக்கூடாது' என்ற வாதம் பலவீனம். 'இது எந்த வேலைக்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்' என்று கேட்பதே பலமான வாதம்.

புதுவரவு:

நன்றி. ஒரிஜினல் விஷயம் தெளிவாகிவிட்டது. கைரேகையும் ஆதார் எண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் வங்கிப் பணம் போய்விடும் என்கிறார்களே? குரூப்பில் பான் நகலை நேற்றே போட்டுவிட்டேன்.

ரேகை330:

அட்டெண்டன்ஸ் மெஷினுக்கும் ஆதாருக்கும் தொடர்பில்லை. மெஷின் ரேகையின் படத்தை வைப்பதில்லை. கோடுகள் பிரியும், முடியும் புள்ளிகளைக் கணக்கிட்டு ஒரு டெம்ப்ளேட்டாக வைக்கும். மலிவான மெஷின்களில் அந்த டெம்ப்ளேட் விற்றவரின் கிளவுடுக்குப் போவது உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்களில் கார்டு அல்லது பின் நம்பர் வசதியும் உண்டு. ரேகை தேய்ந்தவர்களுக்கு எப்படியும் அதைத்தான் போட்டுத் தருகிறார்கள், நீங்களும் கேட்கலாம். வேலையை விடும்போது உங்கள் பதிவை அழித்ததாக ஒரு மெயில் வாங்குங்கள்.

நீங்கள் பயப்படுவது ஏ.இ.பி.எஸ். (ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை) மோசடி. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை மூன்றும் இருந்தால் ஓ.டி.பி. இல்லாமலே பணம் எடுக்கும் வழி அது. அதற்கு மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக் போடுங்கள், இலவசம். லாக் இருக்கும்போது யாராவது முயன்றால் 330 என்ற எரர் வரும். ரேகை, கருவிழி, முகம் மூன்றும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும் என்பதால், மேலே சொன்ன உமங் முகச் சரிபார்ப்பை முதலில் முடித்துவிட்டு லாக் போடுங்கள். ரேஷன் கடையிலும் சிம் வாங்கும்போதும் தற்காலிகமாகத் திறக்க வேண்டியிருக்கும். அதே தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் இருக்கிறது.

குரூப்பில் போட்டதை 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்து உடனே எடுங்கள். இரண்டு நாள் சொச்சத்துக்குப் பிறகு அந்த வசதி வராது. ஆட்டோ டவுன்லோட் வைத்திருப்பவர்களின் கேலரியில் அது ஏற்கெனவே இறங்கியிருக்கலாம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பேரோல்_மேசை:

எச்.ஆருக்கு மெயிலில் இப்படி எழுதுங்கள், சண்டை வராது: "ஆதார் மாஸ்க் நகல், பான் நகல், கேன்சல் செய்த செக், சான்றிதழ்களின் சுய சான்றொப்பமிட்ட நகல்கள் இணைத்துள்ளேன். பி.எஃப்.க்கான ஆதார் எண்ணை எச்.ஆர். போர்ட்டலில் பதிவு செய்கிறேன். ஒரிஜினல்களைச் சேரும் நாளில் சரிபார்க்கக் கொண்டு வருகிறேன். பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், பெற்றோர் ஆதார் எந்தத் தேவைக்கு என்று தெரிவித்தால் அதற்கேற்ப அனுப்புகிறேன்." கடைசி வரிக்குப் பெரும்பாலும் பதிலே வராது. வராவிட்டால் விட்டுவிடுங்கள், நீங்களாகப் போய் நினைவூட்ட வேண்டாம்.