புதுப்பிப்பு: போர்தோ போய் வந்தாச்சு

நீண்ட வார இறுதிக்குத் தோழியோடு பிரான்ஸின் ஒயின் நகரமான போர்தோ போகிறேன், கார் எடுக்கணுமா என்று இங்கே கேட்டிருந்தேன். தேவைப்படவே இல்லை. பாரிஸிலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். ஊருக்குள் டிராம் போதும்.

பலர் சொன்ன சித்தே து வான் (2016இல் திறந்த ஒயின் அருங்காட்சியகம்) எனக்குச் சுமார்தான். எங்கே திரும்பினாலும் வீடியோத் திரை. ஆனால் டிக்கெட்டோடு எட்டாவது மாடியில் ஒரு கிளாஸ் ஒயின் தருகிறார்கள். கரோன் ஆறு வளைந்து போவதைப் பார்த்தபடி குடிக்கலாம். தோழி குடிக்க மாட்டாள், அவளுக்குத் திராட்சைச் சாறு.

மனசு நின்றது பக்கத்து ஒயின் ஊரான செந்த் எமிலியோனில். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலத்தடித் தேவாலயம். மணிக்கோபுரம் மட்டும் மேலே தெரியும். உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு செய்யுங்கள். இந்தப் பக்கம் களிமண்ணில் மெர்லோ திராட்சை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெதோக் ஒயின் வட்டாரத்தில் சரளை மண், கபெர்னே சோவின்யோன் திராட்சை. போர்தோ ஒயின்களுக்கான 1855இன் புகழ்பெற்ற தரவரிசையில் இந்த ஊர் ஒயினுக்கு இடமே இல்லை, ஆனால் விலையைப் பார்த்தால் நம்ப முடியாது!

ரம், வெனிலா மணக்கும் கனெலே கேக்கைக் காலையிலேயே வாங்குங்கள். மாலைக்குள் மொறுமொறுப்பு போய்விடும்.

மெதோக் பக்கம் பஸ்ஸில் சுற்றியவர்கள் யாராவது உண்டா?