ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளோடு வேலை பார்க்க காலேஜிலேயே எப்படித் தயாராவது?

புளியரை_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைப் பக்கம் ஊர். பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் வருஷம். ஊசி, ஆபரேஷன், கீமோ என்று வார்டில் நாள்கணக்காக இருக்கிற பிள்ளைகளின் பயத்தைக் குறைக்கிற, விளையாட வைக்கிற, நடக்கப்போவதை அவர்களுக்குப் புரியும்படி சொல்கிற வேலைக்குப் போக ஆசை. அமெரிக்காவில் இதற்கு 'சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட்' என்று தனிப் பதவியே இருக்கிறது. இங்கே அதற்குத் தனிப் படிப்பு உண்டா, இல்லையென்றால் எந்த பி.ஜி. எடுப்பது? டிகிரி முடிவதற்குள் கைப்பழக்கமாக என்ன கற்றுக்கொள்ளலாம்? இன்னொன்று, எங்கள் பக்கம் பெரிய வியாதி என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை தாண்டி திருவனந்தபுரம் போகிறவர்கள் உண்டு. நானும் அங்கே பயிற்சிக்குப் போனால் மலையாளம் எவ்வளவு தெரிய வேண்டும்?

வார்டு_சமூகப்பணி:

தங்கச்சி, அந்தப் பதவிக்கென்று உரிமமோ பதிவோ தருகிற அமைப்பு நம் நாட்டில் கிடையாது. அதனால் அந்தப் பெயரை வைத்து வேலை விளம்பரம் தேடினால் கிடைப்பது சொற்பம். மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர், கவுன்சலர், புற்றுநோய் வார்டுகளில் தொண்டு நிறுவனங்கள் வைக்கிற குடும்ப உதவியாளர் என்று வேறு பெயர்களில்தான் இந்த வேலை ஒளிந்திருக்கிறது. அந்தப் பெயர்களில் தேடுங்கள்.

பி.ஜி.க்கு என் முதல் வாக்கு சமூகப்பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு, அதிலும் மருத்துவ, மனநலப் பிரிவுக்கு. காரணம், களப்பணி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஆஸ்பத்திரியில் நின்றே ஆக வேண்டும். குழந்தை வளர்ச்சியை ஆழமாகப் படிக்க விரும்பினால் மனித வளர்ச்சி பாடத்தில் எம்.எஸ்சி. போகலாம். கோவை அவினாசிலிங்கம் மாதிரி மனையியல் படிப்புக்குப் பேர்போன இடங்களில் அது உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவது தனிப் பாதை. அதற்கு ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். வெறும் பி.எஸ்சி.யோடு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் வேலையிலேயே இதில் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்கச் சான்றிதழ் மேல் கண் இருந்தால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இளநிலைப் பட்டம், குறிப்பிட்ட 10 பாடங்கள், சான்று பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 600 மணி நேர இன்டர்ன்ஷிப், கடைசியில் தேர்வு. அந்தப் பத்தில் குழந்தை வளர்ச்சி, குடும்ப அமைப்பு, விளையாட்டு, இழப்பும் மரணமும், ஆய்வு முறை எல்லாம் அடங்கும். ஒரு பாடத்தைச் சான்று பெற்றவரே நடத்தியிருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இடிப்பது தேர்வு அல்ல, அந்த 600 மணி நேரம்தான். சான்று பெற்ற மேற்பார்வையாளர் இங்கே கிடைப்பது அரிது. ஆனாலும் அந்தப் பாடப் பட்டியலை எடுத்து உங்கள் சிலபஸ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளையாட்டும் மரணமும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அந்த இரண்டையும் விருப்பப் பாடமாகவோ ப்ராஜெக்ட்டாகவோ எடுத்துவிடுங்கள்.

இழப்பைப் பற்றிப் படிக்க நம் எல்லைக்கு அந்தப் பக்கமே நல்ல இடம் இருக்கிறது. தீராத நோயாளிகளின் வலியையும் துயரத்தையும் குறைக்கிற நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2008-லேயே அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளா. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா, கோழிக்கோட்டில் நோய்த்தணிப்பு மருத்துவ நிறுவனம் இரண்டிலும் பயிற்சிகள் நடத்துகிறார்கள். தன்னார்வலராகச் சேர முடியுமா என்று இந்த செமஸ்டர் லீவுக்கு முன்னாடியே கேட்டு எழுதுங்கள்.

குழந்தைகள்_வார்டு_சிஸ்டர்:

கைப்பழக்கத்துக்கு முன்னால் வாய்ப்பழக்கத்தைச் சொல்கிறேன். நம் பக்கத்து வார்டுகளில் தினமும் காதில் விழுகிற மூன்று பேச்சு: 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்', 'வலிக்கவே வலிக்காது', 'அழுதா டாக்டர் பெரிய ஊசி போட்ருவாரு'. மூன்றையும் விட்டுவிட வேண்டும். கட்டெறும்பிடம் கடிபட்ட பிள்ளைக்கு முதல் பேச்சு ஆறுதலே இல்லை. இரண்டாவது பொய் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும், அடுத்த தடவை கையை நீட்டாது. மூன்றாவதுதான் ரொம்ப மோசம். மூன்றிலிருந்து ஆறு வயசுப் பிள்ளை, தான் செய்த தப்புக்குத்தான் வியாதி வந்தது என்று தானாகவே நினைத்துக்கொள்ளும். நாமும் அதையே சொன்னால் உறுதியாக நம்பிவிடும்.

பதிலுக்கு என்ன நடக்கும், எப்படி இருக்கும் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். 'முதல்ல பஞ்சால துடைப்பாங்க, சில்லுனு இருக்கும். அப்புறம் ஒரு குத்து. சில பிள்ளைங்க சுருக்குனு இருக்குன்னு சொல்லும், சிலது அழுத்துற மாதிரி இருக்குன்னு சொல்லும். உனக்கு எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் என்கிட்ட சொல்லு.' அழலாம், கையை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொள் என்றும் சொல்லிவிடுங்கள். 'தூங்க வெச்சு ஆபரேஷன்' என்பதிலும் கவனம் வேண்டும். தாத்தா இறந்ததை வீட்டில் 'தூங்கிட்டாரு' என்று சொல்லியிருக்கலாம். 'இது மருந்து குடுத்து வர்ற தூக்கம், ராத்திரித் தூக்கம் இல்ல. டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு. மருந்த நிறுத்தினதும் முழிச்சுருவ' என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

மருந்து ஏற்ற நரம்பில் போட்டுவைக்கிற குழாயான கானுலாவை எடுத்துக்கொள்வோம். ஊசி உள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, போட்ட கையை மரக்கட்டை மாதிரி நீட்டியபடி, ஸ்பூன்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நிறைய. சிஸ்டரிடம் கேட்டு, ஊசியை உருவி அப்புறப்படுத்திய, யாருக்கும் போடாத கானுலாக் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போடுவது மஞ்சள் நிற 24 கேஜ் (குழாயின் தடிமன் அளவு), கொஞ்சம் பெரியவர்களுக்கு நீல நிற 22. அந்த மெல்லிய குழாயைப் பிள்ளையே விரலால் வளைத்துப் பார்க்கட்டும். 'ஊசி வெளிய வந்துருச்சு, இது மட்டும்தான் உள்ள இருக்கு' என்றதும் விரல்களை மெதுவாக ஆட்டிப் பார்க்கும். ஊசியை நீங்கள் தொடவே கூடாது, அது சிஸ்டரின் வேலை.

எப்போது சொல்வது என்பதிலும் தப்பு நடக்கிறது. இரண்டு, மூன்று வயசுப் பிள்ளைக்கு ஊசிக்குச் சற்று முன்னால் சொன்னால் போதும், முந்தின நாளே சொன்னால் ராத்திரி முழுக்க அழுகைதான். நாலிலிருந்து ஆறு வயசுக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்னால். பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளைக்குச் சில நாள் முன்னாடியே சொல்லலாம், கேள்வி கேட்க நேரம் வேண்டும். ஊசி போடும்போது படுக்கப்போட்டு நாலு பேர் அமுக்குவதைவிட, அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்துக் கையை மட்டும் நீட்டிப் பிடிப்பது மேல். அறையில் ஒருத்தர் குரல் மட்டும் கேட்கட்டும். 'போட்டுக்கலாமா?' என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றாலும் போடத்தானே போகிறோம்? 'பாத்துக்கிட்டே இருக்கியா, அம்மா முகத்தைப் பாக்குறியா?' என்று கேட்டால் அது நிஜமான தேர்வு. மரத்துப்போகும் க்ரீம் டாக்டர் எழுதியிருந்தால், தடவி மூடி சுமார் 60 நிமிஷம் விட வேண்டும். அவசரத்தில் பத்து நிமிஷத்தில் துடைத்துவிட்டு 'க்ரீம் வேலை செய்யல' என்பார்கள்.

இன்னொன்று, சத்தமில்லாத பிள்ளையை 'பழகிட்டான்' என்று எழுதிவிடாதீர்கள். அம்மாவைப் பிரிந்த சின்னப் பிள்ளை முதலில் கத்தும், பிறகு சோர்ந்து அடங்கும், அதற்கும் பிறகு யாரிடமும் ஒட்டாத மாதிரி ஆகிவிடும் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் ராபர்ட்சனும் பௌல்பியும் 1950-களிலேயே கவனித்து எழுதினார்கள். பெற்றோர் பார்க்கவரத் தடை இருக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1959-ல் பிளாட் குழு பரிந்துரைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாம் கட்டத்தில் இருக்கிற பிள்ளைதான் வார்டில் 'சமத்து' என்று பேர் வாங்கும். அதன் பக்கத்தில்தான் நீங்கள் அதிக நேரம் உட்கார வேண்டும்.

புளியரை_மாணவி:

சிஸ்டர், இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். மலையாளம் பற்றி யாராவது சொல்லுங்களேன். கேட்டால் புரியும், பேச வராது.

பாறசாலைக்காரன்:

கேட்டால் புரியும் என்பதில்தான் ஆபத்து. பாதி வார்த்தை நம் வார்த்தை மாதிரியே ஒலிக்கும், பொருள் வேறாக இருக்கும். 'பனி' என்றால் அங்கே காய்ச்சல், நம் பிள்ளைக்கு மார்கழிப் பனி. 'வேதன' சாதாரண வலிக்குச் சொல்வது, நம் காதுக்குப் பெரிய துயரமாகக் கேட்கும். 'கரையண்டா' என்றால் அழாதே. 'சோர எடுக்கணும்' என்றால் ரத்தம் எடுக்க வேண்டும், பசியோடு இருக்கிற தென்காசிப் பிள்ளை அதைச் 'சோறு' என்று எடுத்துக்கொண்டால் அதன் தப்பா? அதனால் முழு மலையாளம் கற்கும் முன் ஒரு வார்டு அகராதி தயார் பண்ணுங்கள். உடல் உறுப்பு, வலி, சாப்பாடு, கழிப்பறை, பயம், நடைமுறைகள் என்று 80 முதல் 100 வார்த்தை போதும். ஒரு பக்கம் மலையாளத்தில் வார்டில் சொல்கிற வார்த்தை, எதிரில் பிள்ளை வீட்டில் சொல்கிற வார்த்தை. மூத்திரம் போவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொல் இருக்கும், அதைச் சேர்ந்த அன்றே அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வலி அளக்கவும் மொழி வேண்டும். ஆறு முகம் வரைந்த வலி அளவுகோல் நாலு வயசுக்கு மேல் சரிப்படும். 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வதெல்லாம் எட்டு வயசு வாக்கில்தான். பேச்சே வராத சின்னப் பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை போடுகிற முறை உண்டு, மொத்தம் 10. மதிப்பெண் போடுவது சிஸ்டர்தான், ஆனால் நீங்கள் பார்த்ததைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை மொழிபெயர்க்கிற பொறுப்பை மட்டும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சம்மதக் கையெழுத்து விஷயம் என்றால் தமிழ் தெரிந்த டாக்டரோ நர்ஸோ வரட்டும்.

தொற்றுத்தடுப்பு_மேசை:

விளையாட்டுச் சாமானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நல்ல மனசோடு வரும் மாணவர்களை வார்டு திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். வெள்ளை அணு குறைந்த கீமோ பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பஞ்சு பொம்மையைப் பொதுவில் வைக்கவே கூடாது. கழுவக்கூடிய கெட்டி பிளாஸ்டிக் மட்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், எச்சிலும் அழுக்கும் இருந்தால் குளோரின் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 20 மில்லியோடு 980 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் வரும், அதில் 10 நிமிஷம் மூழ்கவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பாட்டிலில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் 10 மில்லி போதும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட்டோடு சேரவே கூடாது, விஷவாயு வரும். மூன்று வயசுக்குக் கீழ் என்றால், டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கிற அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் கொடுக்காதீர்கள். ரப்பர் பலூன், பட்டன் பேட்டரி இரண்டும் கூடாது.

போகும் முன் ஹெப்பட்டைட்டிஸ் பி 3 தவணை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 0, 1, 6 மாதம் என்பதால் ஆறு மாதம் முன்னாடியே ஆரம்பிக்க வேண்டும். சின்னம்மை வராதவர் என்றால் அந்தத் தடுப்பூசியையும் டாக்டரிடம் கேளுங்கள். பையில் மிட்டாய் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் 6 மணி நேரம் திட உணவு கூடாது, ஒரு மிட்டாயால் அன்றைய ஆபரேஷனே தள்ளிப்போகும்.

புளியரை_மாணவி:

பஞ்சு பொம்மை கூடாது என்றால் சிஸ்டர் சொன்ன கானுலாவை எதில் போட்டுக் காட்டுவது?

குழந்தைகள்_வார்டு_சிஸ்டர்:

பொதுவில்தான் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பொம்மை என்று கொடுத்து, போகும்போது வீட்டுக்கே அனுப்பிவிட்டால் பிரச்சினை இல்லை. எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். காடாத் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிடுங்கள். சுருங்கியபின் 90 செ.மீ. அகலமும் ஒரு மீட்டர் நீளமும் இருந்தால் 25-க்கு 35 செ.மீ. துண்டு 8 வரும், அதாவது 4 பொம்மை. கை கால் விரித்த ஆள் வடிவத்தில் வெட்டி, ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, 5 செ.மீ. வாய் விட்டுத் திருப்பிப் பாலியஸ்டர் பஞ்சு அடையுங்கள். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டி தட்டும். பட்டன் கண் வைக்காதீர்கள். முகமும் வரையாதீர்கள், துணி மார்க்கரோடு வெறும் முகமாகவே கொடுங்கள். கண்ணீரோடு வரைகிறதா, சிரிப்போடு வரைகிறதா, வாயே இல்லாமல் விடுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு கானுலாவை எடுங்கள்.