புதுப்பிப்பு: மினி கோல்ஃப் திடலில் புல் உரிவது நின்றது

பாழடைந்து கிடந்த எங்கள் ஊர்ப் பொது மினி கோல்ஃப் திடலில் செயற்கைப் புல் ஏன் உரிந்துகொண்டே வருகிறது, பந்தை அடிக்கும் வழியில் தடைகளாகக் குமரி மாவட்டத்து இடங்களின் மாதிரிகளில் என்னென்ன அமைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, "பசையை விடுங்கள், தளத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான். புல்லைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் தேங்கி, சிமெண்ட் முழுக்கப் பாசி. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்துப் பூசி, ஒவ்வொரு குழிக்கு அடியிலும் வடிகால் குழாய் விட்டோம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டே; இரண்டையும் தாண்டிப் புல் அசையவில்லை. கடல் மணலுக்குப் பதில் உப்பில்லாத சிலிக்கா மணல் தூவச் சொன்னதும் நல்ல யோசனை.

எதிர்பாராத சிக்கல், பாசனத் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மாதிரியில் வந்தது. அசல் பாலம் 28 தூண்களில் 115 அடி உயரத்தில் நிற்கிறது; எங்களுடையது இடுப்பளவு. தொட்டிக்குள் விட்ட பந்து, இணைப்பில் இருந்த நூலளவு மேட்டில் இடறி வெளியே துள்ளியது. அந்த மேட்டைத் தேய்த்து மட்டமாக்கியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்கு இரும்பு இறக்கை வேண்டாம். உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிட்டது. பிவிசி தகட்டில் செய்தது மோட்டார் இல்லாமலே சுற்றுகிறது.